ஏளா பேரில் உள்ள வயல்

என் அப்பா சிவனணைந்தபெருமாள் செத்துப்போன பிறகும் எங்களிடம் வேலை வாங்கிக்கொண்டேதான் இருந்தார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். வீட்டில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அவருக்கு உடம்பு அரிக்கும். "ஏளா, அந்த மம்பட்டிய எடு" என்று வாசலில் நின்று சத்தம் போடுவார். யாரைச் சொல்கிறார் என்று அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். எங்கள் இரண்டு பேருக்கும் அவர் வாயில் அதே 'ஏளா'தான். கடைசியில் கிட்டத்தில் இருப்பவள் எழுந்து போவாள்.

தை மாதக் கடைசி வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இறந்தார். எழுபத்திரண்டு வயது. வயிற்றில் கட்டி. அது அவருக்கு ஆவணியிலேயே தெரிந்திருக்கிறது. உரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறிப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார். திரும்பி வரும்போது மறக்காமல் உரமும் வாங்கி வந்திருக்கிறார். எங்களுக்குத் தெரிந்தது மார்கழியில்தான்.

நான் அவருக்கு ஒரே பிள்ளை, பேச்சிச்செல்வி. தூத்துக்குடிக்குப் பக்கம் முத்தையாபுரத்தில் குடியிருக்கிறேன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கக் காகிதம் தயார் செய்து கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் பதினான்கு வருஷமாக வேலை. பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் கண்டெய்னர் ஒரு அடி நகராது. அப்பாவின் இறப்புப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி. பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். அழுகை வரவில்லை. ஆம்புலன்சில் வரும், வீட்டில் அம்மாவைப் பார்த்தால் வரும், தூக்கும்போது வரும் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்கும் வரவில்லை. அவள் வந்தவர்களுக்கு எல்லாம் தண்ணீர் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எழவு வீட்டில் இப்படி இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்ததை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பேசட்டும்.

எங்கள் ஊர் ஏரலுக்குப் பக்கம், தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஊர். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். அவருடைய தகப்பனார் நயினார்பெருமாள் இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. அன்று தொட்ட மண்வெட்டியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த பிறகுதான் விட்டார். குடும்பத்துக்கென்று இருந்தது ஒரு ஏக்கர் பத்து சென்ட். வாய்க்கால் கரையோரம் இருப்பதால் அதற்குக் கால்வாய் வயல் என்று பெயர். மற்றபடி வாழை போட்டதெல்லாம் குத்தகை நிலத்தில். பிசானப் பருவத்துக்கு நெல். கார் பருவத்துக்குத் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் உளுந்து. வேறு எந்தத் தொழிலைப் பற்றியும் அவருக்கு மரியாதை கிடையாது.

ஒரு தடவை என் அலுவலகத்துக்கு வந்தார். அடுக்கி வைத்த கண்டெய்னர்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்னளா இருக்கு?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? பேப்பர்ல என்ன போட்டிருக்கோ அதுதாம்ப்பா."

"தெறந்து பாக்காமலா கையெழுத்துப் போடுத?"

"பேப்பர் சரியா இருந்தா போதும்."

"நல்ல பொழப்புதான்" என்று சிரித்தார். "வயலுக்குப் போனா யாரு நிக்கான்னு பாத்தாலே தெரியும், யாரு வயலுன்னு. அதுக்கு எதுக்குப் பேப்பரு?" ஊர் பஸ் பிடிக்கும்வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் கோபித்துக்கொண்டு டீகூட வாங்கிக் கொடுக்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் தனக்குப் பிறகு நாங்கள் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். சிமெண்டுக் கம்பெனி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். இரண்டாம் நாள் சாம்பல் கரைத்துவிட்டு வந்ததும் அம்மா அதை எடுத்து என் கையில் கொடுத்தாள். 'எல்லாம் முடிஞ்ச பெறவு பிள்ளைட்ட கொடு' என்று சொல்லியிருந்தாராம்.

"நீ வாசிக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"ஓங்கிட்டக் கொடுக்கத்தான சொன்னாரு."

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தெரியும். கொடு என்று சொன்னதால் கொடுத்தாள், அவ்வளவுதான்.

தாளில் பாசமாக ஒரு வார்த்தை கிடையாது. கதிர் அறுக்கும் மிஷின் மாசி எட்டாம் தேதி வரும், மேலக்கரை வழியாக விடாதே, வரப்பு உடையும். வாழையை மூன்று தவணையாக நட்டிருக்கிறேன், ஆடிக்கு ஒரு வெட்டு, ஆவணிக்கு ஒன்று, புரட்டாசிக்கு ஒன்று, மொத்தமாகப் பேசி ஒருத்தனிடம் கொடுத்துவிடாதே. தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியை ஏளா கைக்கு எட்டுகிற மாதிரி இறக்கி மாட்டியாச்சு. ஏளாவுக்கு முட்டுவலி, கக்கூஸ் மாத்தியாச்சு. செருப்பில்லாமல் தோட்டத்துக்குப் போகச் சொல்லாதே.

வாசித்துக்கொண்டு வரும்போதுதான் எனக்கு எல்லாம் பிடிபட்டது. ஐப்பசியில் வீட்டில் மேல்நாட்டுக் கக்கூஸ் வைத்தபோது, தொரைமாருக்கு வாக்கப்பட்ட மாதிரி இருக்கு என்று அம்மா சிரித்தாள். கார்த்திகையில் உடை மரத்தை வெட்டி விறகு அடுக்கினார். கோயில் கொடைவிழாவுக்கு ஆகும் என்றார். அந்த விறகில்தான் அவர் எரிந்தார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தன்னையே அளந்து போட்டவர் என் அப்பா.

தாளின் கடைசியில் இரண்டு வரி. 'இந்தத் தடவ நெல்ல அரசாங்கக் கொள்முதல் நிலையத்துல போடு. வியாபாரி வந்தா தராசுப் பக்கம் நிக்க நான் இல்ல.' அதற்குக் கீழே, 'கால்வாய் வயலுக்குப் பேர் மாத்த அலைய வேண்டாம். அது முன்னாலேயே ஏளா பேரில்தான் இருக்கு.'

நல்லது என்று நினைத்தேன். ஒரு அலைச்சல் மிச்சம்.

ஒன்பதாம் நாள், மாசி எட்டு, சொன்ன மாதிரியே மிஷின் வந்து நின்றது. கூட வந்த சுடலைராஜ் அண்ணாச்சிதான் எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மிஷின் பேசிவிடுகிறவர். வீட்டுக்குள் வரக் கூச்சப்பட்டு வேலிப்படலுக்கு வெளியிலேயே நின்றார்.

"கார்த்திகையிலயே சொல்லிட்டாவம்மா. மாசி எட்டு, நான் இருந்தாலும் இல்லாட்டாலும் வந்துருன்னாவ. நான் வெளையாட்டுக்குச் சொல்லுதாவன்னு நெனச்சேன்" என்றார். "இப்ப அறுக்கவா, பதினாறு கழியட்டுமா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். "மிஷின் வந்துட்டுல்லா, அறுக்கச் சொல்லு" என்றாள். பதினாறாம் நாள் விசேஷம் கழியும்வரை அவள் வெளியே வரக்கூடாது. நான்தான் போய் நின்றேன். இரண்டு மணி நேரத்தில் வயல் மொட்டையாகிவிட்டது. திரும்பி வந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"வரப்பு ஒடையலியே?"

"ஒடையலம்மா."

பன்னிரண்டாம் நாள் வயலின் சிட்டா, அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பேரு ஒண்ணாத்தான் இருக்கு. கணவர் பேரு இடிக்கே மேடம்."

வாங்கிப் பார்த்தேன். ஆதாரில் 'அருணாசலவடிவு, கணவர் சிவனணைந்தபெருமாள்'. சிட்டாவில் 'அருணாசலவடிவு, கணவர் நயினார்பெருமாள்'. ஊரான் காகிதத்தில் பதினான்கு வருஷமாகப் பிழை பிடிப்பவள், எங்கள் வீட்டுக் காகிதத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

நயினார்பெருமாள் அப்பாவின் தகப்பனார். சிட்டாவில் உள்ள அருணாசலவடிவு அப்பாவைப் பெற்ற தாய், என் ஆச்சி. அம்மாவுக்கும் அதே பெயர்தான். காரணம், அம்மா வேறு யாருமில்லை, அப்பாவின் சொந்த அக்கா மகள். பேத்திக்கு ஆச்சி பெயரை இடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா, அம்மாவைப் பெற்ற ஆறாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். ஆச்சிதான் பேத்தியை வளர்த்து, பெரியவளானதும் தன் மூத்த மகனுக்கே கட்டி வைத்தாள். பெற்ற தாயின் பெயரைச் சொல்லி எவனாவது பெண்டாட்டியை அதட்ட முடியுமா? அதனால்தான் அப்பாவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அம்மா 'ஏளா' ஆனாள். செத்த பிறகு வாசிக்கிற தாளில்கூட அவருக்கு அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை.

ஆச்சிக்கும் அம்மாவுக்கும் பெயர் ஒன்று, ஆகவே ஆச்சிக்குப் பிறகு வயல் தானாக அம்மாவுடையது என்று அப்பா நிஜமாகவே நம்பியிருக்கிறார். மடை எத்தனை விரல் திறந்தால் எவ்வளவு நேரத்தில் வயல் நிறையும் என்று துல்லியமாகச் சொல்கிற மனிதர். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். பிழைப்பே அதுதான் எனக்கு. அவர் இறந்த பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்தக் கோபம்தான். அதுகூட வீடு வந்து சேருவதற்குள் அடங்கிவிட்டது.

அம்மாவிடம் காகிதத்தைக் காட்டினேன். அவள் விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்.

"எம்பேருதான போட்டுருக்கு?"

"அது ஆச்சி பேரும்மா. புருசன் பேரப் பாரு."

அவள் அதையும் கூட்டிப் படித்தாள். பிறகு தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள். "கல்யாணம் ஆன புதுசுல வயலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. இது ஓம்பேர்ல இருக்குளா, நாளைக்கு யாரும் ஒன்னைய எறங்குன்னு சொல்ல முடியாதுன்னாரு. இந்தப் பேப்பரத்தான் காட்டுனாரு" என்றாள். அவ்வளவு நேரம் அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே போய் உலையில் அரிசி போட்டாள்.

அறுத்த நெல்லை வியாபாரிக்கே போட்டோம். தராசுப் பக்கம் நான் நின்றேன். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது என்பது வியாபாரிக்கும் தெரியும்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முத்துச்செல்வம் சித்தப்பா அப்பாவுக்கு நேர் இளையவர். தூத்துக்குடியில் உப்புக் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கொள்ளி வைத்தது அவர்தான். ஆச்சியின் வயலில் அப்பாவுக்கு ஒரு பங்கு, சித்தப்பாவுக்கு ஒரு பங்கு, இறந்துபோன அக்காவின் பங்கு அவள் மகளான அம்மாவுக்கு. நான் போடுவதில் கேள்வி இல்லை, சித்தப்பாவும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் வயல் அம்மா பெயருக்கு வரும். போடாவிட்டால் வராது. இன்றைக்கு அவர் ஒருவர் கையெழுத்து. நாளைக்கு அவரும் இல்லையென்றால் அவர் பிள்ளைகள், மருமகள்கள் என்று பத்துப் பேர் கையெழுத்து. அப்புறம் அம்மா அந்த வரப்பில் நிற்பதற்கும் யாராவது ஒருவர் தயவு வேண்டும்.

"வயலு எனக்கு எதுக்குட்டி?" என்றார் சித்தப்பா. "உழுதவன் அவன். மதினிக்கே இருக்கட்டும். நான் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன். ஆனா, எங்கம்மை செத்துட்டான்னு மொதல்ல எழுதணும்."

எனக்குப் புரியவில்லை. "ஆச்சி செத்து முப்பத்தொம்பது வருசம் ஆச்சே சித்தப்பா."

"யாரு சொன்னா? கவர்மெண்டுக் கணக்குல எங்கம்மை இன்னும் உசுரோடதான் இருக்கா. ஒங்கப்பன் பதியவே விடல."

ஆச்சி இறந்தது ஒரு வைகாசி மாதம். அம்மா அப்போது நான்கு மாதக் கர்ப்பம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளை தங்கவில்லை, மூன்றாவது நான். அப்பாவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அருணாசலவடிவு இறந்தாள் என்று எங்கேயாவது எழுதினால், எமனுக்குக் கணக்கு எழுதும் சித்திரபுத்திரன் ஏட்டில் ஆள் மாறிவிடும். அவன் பெயரைத்தான் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். ஊர்க் கணக்கில் எழுதவிடவில்லை. ஏரல் அச்சாபீசில் கருமாதிக் கார்டு அடிக்கக் கொடுத்ததை அவரே போய்த் திருத்தி, பெயரை எடுத்துவிட்டார். 'எங்கள் தாயார்' என்று மட்டும் வந்தது. வீட்டில் யாரும் அந்தப் பெயரையும் சாவையும் ஒரே வாயால் சொல்லக்கூடாது என்று கட்டளை. அம்மாவிடம் தலையில் அடித்துச் சத்தியமே வாங்கியிருக்கிறார். நானும் சின்ன வயதிலிருந்து 'பெரியவ போனப்ப' என்று கேட்டிருக்கிறேனே தவிர, ஆச்சியின் பெயரைச் சொல்லி யாரும் பேசிக் கேட்டதில்லை.

"நான் அப்ப பம்பாயில இருந்தேன்" என்றார் சித்தப்பா. "தந்தி கெடைச்சு வந்து சேர மூணு நாளு ஆயிட்டு. மொகத்தையும் பாக்கல. கார்டுல பேராவது பாப்போம்னா, அதுவும் இல்ல. அண்ணங்கிட்ட நான் எதுத்துப் பேசுனது கெடையாது. ஆனா, பெத்தவளுக்கு ஒரு பேரு போடவிடலியேன்னு இன்னைக்கு வரைக்கும் உறுத்துது. ஒங்கப்பனுக்கு இப்ப கொட்டை எழுத்துல பேரு போட்டுக் கார்டு அடிச்சேன். அப்பயும் அவளத்தான் நெனச்சேன்."

அவர் கேட்டதில் தப்பு சொல்ல முடியவில்லை. அவர் கேட்காவிட்டாலும் காகிதம் அதைத்தான் கேட்கும். ஆச்சி இறந்ததாகச் சான்றிதழ் இல்லாமல் அவளுக்கு வாரிசும் கிடையாது. இத்தனை வருஷம் கழித்துப் பதிய, கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். மனுவை மகன் என்ற முறையில் சித்தப்பா கொடுக்கலாம். ஆனால் சாவைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் வந்து வாக்குமூலம் சொல்ல வேண்டும். பார்த்தது அம்மா மட்டும்தான். அன்றைக்கு அப்பாவும் வயலில் இருந்திருக்கிறார்.

அம்மா மாட்டேன் என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, நீ இதெல்லாம் நம்புதியா?"

"நான் என்னைக்கு நம்புனேன்? அவருக்குத்தான் பயம். அவரு தலையில அடிச்சு வாங்குன சத்தியம்."

"அவருதான் அந்த வயலு ஒனக்குன்னு எழுதியிருக்காரு. சத்தியத்தப் பாத்தா வயலு போயிரும். வயலப் பாத்தா சத்தியம் போயிரும். நீயே சொல்லு."

"எனக்கு என்ன தெரியும்? முப்பது நாளுகூட ஆகல. அதுக்குள்ள அவரு பேச்ச மீறச் சொல்லுதியோ?"

மூன்று வாரம் இப்படியே போனது. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்கு வருவேன். திங்கட்கிழமை காலையில் முத்தையாபுரத்துக்குத் திரும்புவேன். அலுவலகத்தில் என் காகிதங்களில் ஒரு பிழைகூட வரவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள், திடமான பொம்பள என்றார்கள். எனக்குத் திடமெல்லாம் இல்லை. காலில் உணர்ச்சி மரத்துப்போனால் முள் குத்தினாலும் தெரியாதே, அப்படித்தான் இருந்தது. அம்மா அறுவடையான வயலில் உளுந்து தெளித்துவிட்டு வந்திருந்தாள். யாருடைய நிலத்தில் தெளிக்கிறோம் என்ற யோசனை அவளுக்கு இருந்ததாகவே தெரியவில்லை.

பங்குனியில் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து தேதி சொன்னார்கள். அம்மாவிடம் சொன்னேன்.

"வாரேன்" என்றாள். "சின்ன மாமா கூப்பிட்டுட்டாவ, வரலன்னா நல்லாருக்காது. ஆனா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஒக்காந்துட்டு வந்துருவேன்." சின்ன மாமா என்றால் சித்தப்பா. தாய்மாமன் அல்லவா, கல்யாணத்துக்குப் பிறகும் அம்மாவுக்கு அவர் சின்ன மாமாதான். அவருக்குத்தான் அக்கா மகள் மதினியாகிவிட்டாள்.

அப்பா இறந்த நாற்பத்தோராம் நாள், செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. மனுவைப் பார்க்கிறவர் விஜிலா என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். முதல் பக்கத்திலேயே பேனாவை வைத்து நிறுத்திவிட்டார்.

"டைப் அடிச்சவங்க தப்பு பண்ணியிருக்காங்க. இறந்தவர் பேரையே சாட்சிக்கும் போட்டிருக்காங்க."

"தப்பு இல்ல மேடம். ரெண்டு பேருக்கும் அதே பேருதான்" என்றேன்.

"சாட்சி இறந்தவருக்கு என்ன வேணும்? ஒரு எடத்துல பேத்தின்னு இருக்கு, ஒரு எடத்துல மருமகன்னு இருக்கு. ஏதாவது ஒண்ணு எழுதுங்க."

"ரெண்டும்தான் மேடம்."

அவர் எங்கள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தார். சிரிக்கவில்லை. பேனாவை வைத்து நிறுத்திய இடத்தில் சரி என்று எழுதிக்கொண்டார். பிறகு அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, "அம்மா, நீங்க உங்க வாயால சொல்லணும். நான் எழுதிக்கிடுவேன். யார் இறந்தாங்க, எப்போ, எங்க வச்சு? நீங்க பாத்தீங்களா?" என்றார்.

அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தபடி இருந்தாள்.

"பயப்படாம சொல்லுங்கம்மா."

வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் சொல்கிறேனே என்றேன். பார்த்தவர்தான் சொல்ல வேண்டும் என்றார் விஜிலா. அவர் சொல்வது நியாயம். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சித்தப்பா அம்மா பக்கம் குனிந்தார்.

"மதினி, வேண்டாம். விட்டுருங்க. எங்கம்மை பேரு எழுதலன்னா என்ன இப்ப? இத்தன வருசம் போகலியா? அண்ணன் பேச்சே இருக்கட்டும். வயலு கெடக்கபடி கெடக்கட்டும். நான் இருக்க வரைக்கும் ஒங்கள யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ." சொல்லிவிட்டு மனுவை வாங்கக் கையை நீட்டினார்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இருங்க சின்ன மாமா. எனக்கு ஏதாவது ஆயிரும்னு பயந்தது இந்த ஒலகத்துல ஒரே ஒரு ஆளு. அவரே போயாச்சு. தலைக்கு மேல வெள்ளம் போன பெறவு சாண் என்ன, மொழம் என்ன? இனிமே எம்பேர ஏட்டுல எழுதுனா என்ன, எழுதாட்டா என்ன? கேக்க ஆளா இருக்கு?"

விஜிலா எழுதாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எழுதுங்க. அருணாசலவடிவு செத்துட்டா. வைகாசி மாசம் பதினொண்ணு, உச்சிப்பொழுது. எங்க வீட்டு அடுப்படியில. கஞ்சி கேட்டா, எடுத்துட்டு வந்தேன். எம்மடியில தலைய வச்சா. வேற யாரும் பக்கத்துல இல்ல. என்னைய வளத்தவ. நான் அன்னைக்கு வாய்விட்டு அழக்கூட இல்ல. மாசமா இருக்கவ அழக்கூடாது, வாசல்ல வந்து நிக்கக்கூடாதுன்னு என்னைய ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரு. பூட்டிட்டுக் கதவுக்கு வெளிய அவரும் ஒக்காந்துக்கிட்டாரு. தூக்கிட்டுப் போகும்போதுதான் எந்திச்சாரு."

சித்தப்பா "எம்மா" என்று ஒரு சத்தம் கொடுத்தார். அறுபத்தெட்டு வயது மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோதுகூட அவர் இப்படி அழவில்லை. அம்மாவுக்கும் கண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

விஜிலா எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். தாளைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். எந்த இடத்தில் யார் கையெழுத்து என்று சித்தப்பாவும் அம்மாவும் தடுமாற, அவர் பேனாவால் ஒரு இடத்தைச் சுட்டினார். இரண்டு பெயரும் குழம்பிவிடக்கூடாது என்ற நினைப்பில் அவர் கேட்டது இதுதான்.

"உயிரோட இருக்கிற அருணாசலவடிவு யாரு? நீங்க இங்க போடுங்க."

அம்மாவை அந்தப் பெயர் சொல்லி ஒருவர் கூப்பிட்டு அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகக் கேட்டேன். அவளும் உடனே அசையவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது மாதிரி ஒரு நிமிஷம் இருந்தாள். வீட்டில் ஏளா என்று கூப்பிட இனி ஆளில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்துவிட்டது.

"நாந்தான்" என்று சொல்லி அம்மா பேனாவை வாங்கினாள்.